வானத்தைத் திறந்த வாத்தியக்காரர்

குழந்தைகளே! சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள்கள் என்று கேட்டால், எட்டு என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று வரிசையாகப் பெயர்களையும் ஒப்பிப்பீர்கள். ஆனால் 1781ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உலகத்திலேயே பெரிய வானியல் அறிஞரைக் கேட்டிருந்தாலும் அந்த வரிசை சனியோடு நின்றிருக்கும். சனிக்கு அப்பால் இன்னொரு கோள் உண்டு என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அந்தக் கோளைக் கண்டுபிடித்தவர் கல்லூரியில் வானியல் படித்தவர் அல்லர். அரசாங்க வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்தவரும் அல்லர். அவர் ஒரு இசை ஆசிரியர்! பகலில் பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்றுக் கொடுப்பார். மாலையில் கச்சேரி செய்வார். வானத்தைப் பார்க்கும் பொழுதுபோக்கு அவருக்கு வந்தது 35 வயதை நெருங்கும்போதுதான்.

அவர்தான் வில்லியம் ஹெர்ஷல்.

வாத்தியக்காரர் வீட்டுப் பிள்ளை

ஜெர்மனியில் ஹானோவர் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1738ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி ஹெர்ஷல் பிறந்தார். அப்பா ஐசக், ராணுவ பேண்டு வாத்தியக் குழுவில் ஓபோ வாசிப்பவர். ஓபோ என்பது நம் ஊர் நாதஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் குழல். அளவில் சிறியது, ஓசையும் மென்மையானது.

அப்பாவுக்குச் சம்பளம் குறைவு. பிள்ளைகளோ அதிகம். ஆனாலும் அந்த வீட்டில் பாட்டுக்கும் பேச்சுக்கும் பஞ்சமில்லை. பிள்ளைகள் எல்லோருக்கும் அப்பாவே இசை கற்றுக் கொடுத்தார். வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் வெளியே அழைத்துப் போய் நட்சத்திரக் கூட்டங்களையும் காட்டுவார்.

வில்லியமுக்கு 14 வயது ஆனதும் அப்பா இருந்த அதே ராணுவ வாத்தியக் குழுவில் அவனையும் சேர்த்துக் கொண்டார்கள். இன்றைக்கு நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற வயதில் அவன் சம்பளத்துக்கு வாத்தியம் வாசிக்கப் போய்விட்டான். அதோடு பள்ளிப் படிப்பும் முடிந்தது.

1757ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படைகளுக்கும் ஹானோவர் படைகளுக்கும் ஹாஸ்டன்பெக் என்ற இடத்தில் சண்டை நடந்தது. ஹானோவர் தோற்றது. குழலைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை போர்க்களத்தில் என்ன செய்வான்? தப்பித்துப் போவதே நல்லது என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் வில்லியம் தன் அண்ணனோடு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். வயது 19.

கையில் பணம் இல்லை. தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான், இசை. லண்டனில் மற்றவர்களுக்கு இசைக் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். பிறகு ஊர் ஊராகப் போய் வாத்தியம் கற்றுக் கொடுத்தார். வயலின், ஓபோ, ஆர்கன் என்று பல வாத்தியங்களில் தேர்ந்தார். பாடல்களும் எழுதினார். வாத்தியங்கள் பல சேர்ந்து இசைக்கும் சிம்பனி என்ற வகையில் மட்டும் 24 இயற்றினார்.

பத்து ஆண்டு உழைப்புக்குப் பலன் கிடைத்தது. பாத் என்ற நகரத்தில், புதிதாகக் கட்டப்பட்ட ஒரு தேவாலயத்தில் அவருக்கு ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. பணக்காரர்கள் ஓய்வெடுக்க வந்து தங்கும் ஊர் அது. வாத்தியம் கற்றுக்கொள்ளப் பலர் தேடி வந்தார்கள். ஒரு வாரத்தில் 30க்கும் மேற்பட்ட வகுப்புகள் எடுத்த காலமும் உண்டு. வீடு, வருமானம், மரியாதை எல்லாம் வந்துவிட்டது.

இந்த நிலையில் ஒருவர் என்ன செய்வார்? மிச்ச காலத்தை நிம்மதியாகக் கழிப்பார். ஆனால் ஹெர்ஷல் ஒரு புத்தகம் வாங்கினார்.

ஒரு புத்தகம் செய்த வேலை

இசைக்கும் கணக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஒரு கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் கணக்குதான். இதைத் தெரிந்துகொள்ள, ராபர்ட் ஸ்மித் என்ற அறிஞர் எழுதிய இசையியல் நூலை ஹெர்ஷல் படித்தார். அதே அறிஞர் ஒளியைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருந்தார். அதையும் படித்தார். தொலைநோக்கி எப்படி வேலை செய்கிறது, அதை எப்படிச் செய்வது என்பதெல்லாம் அதில் இருந்தது.

1773ஆம் ஆண்டு மே மாதம், ஜேம்ஸ் ஃபெர்குசன் எழுதிய வானியல் நூலை வாங்கினார். இந்த ஃபெர்குசனும் சுவாரசியமான மனிதர். சின்ன வயதில் ஸ்காட்லாந்தில் ஆடு மேய்த்தவர். நூலில் மணிகளைக் கோத்து, அதை வானத்துக்கு நேராகப் பிடித்து நட்சத்திரங்களை அளந்து தானாகவே வானியல் கற்றவர். அவர் எழுதிய புத்தகம், தானாகவே கற்க நினைத்த இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது!

பகல் முழுக்க வகுப்பு எடுத்துவிட்டு, இரவில் படுக்கையில் படுத்தபடி ஹெர்ஷல் இந்தப் புத்தகங்களைப் படிப்பார். படிக்கப் படிக்க ஓர் ஆசை வளர்ந்தது. இதில் எழுதியிருக்கிற எல்லாவற்றையும் என் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அது.

முதலில் சின்னதாக ஒரு தொலைநோக்கியை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். அது போதவில்லை. பெரிய தொலைநோக்கிக்குக் கண்ணாடி வேண்டும் என்று லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அவ்வளவு பெரிய கண்ணாடி செய்து வைத்திருப்பவர் அங்கேயும் இல்லை. செய்து தரலாம் என்றால் விலை மிக அதிகம்.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். இவருக்கோ பள்ளிப் படிப்பு 14 வயதோடு சரி. இரும்பு வேலை, உலை வேலை எதுவும் தெரியாது. வேலை செய்யாவிட்டால் வருமானமும் இல்லை. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று விலகிவிட எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆனால் ஹெர்ஷல் தானே கண்ணாடி செய்வது என்று முடிவெடுத்தார். பாத் நகரில் ஒருவர் கண்ணாடி தேய்க்கும் பொழுதுபோக்கை விட்டுவிட்டு, கருவிகளை விற்கப் போவதாகத் தெரிந்தது. அவற்றையெல்லாம் ஹெர்ஷல் வாங்கி வந்தார். அவற்றைப் பயன்படுத்துவது எப்படி என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

வீடு பட்டறை ஆனது

தொலைநோக்கிக் கண்ணாடி என்றதும் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் கண்ணாடியை நினைத்துவிடாதீர்கள். ஹெர்ஷல் செய்தது உலோகக் கண்ணாடி. செம்பையும் வெள்ளீயத்தையும் உலையில் உருக்கி, வட்டமான அச்சில் ஊற்ற வேண்டும். ஆறியதும் வட்டத் தட்டு கிடைக்கும். அதை நடுவில் லேசாகக் குழிவாக வரும்படி தேய்க்க வேண்டும். பிறகு பளபளவென்று மெருகேற்ற வேண்டும்.

தூரத்து நட்சத்திரத்திலிருந்து வரும் மங்கலான ஒளி அந்தக் குழிவான கண்ணாடியில் பட்டு, ஒரே இடத்தில் குவியும். கண்ணாடி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு ஒளி சேரும். கண்ணுக்குத் தெரியாத மங்கலான பொருளும் தெரியும். ஆனால் குழிவில் மயிரிழை பிசகினாலும் உருவம் கலங்கிவிடும். சுருதி விலகினால் பாட்டு கெட்டுப் போவதைப் போலத்தான்!

அப்போது ஹெர்ஷலின் வீட்டில் அவருடைய தம்பி அலெக்சாண்டரும் தங்கை கரோலினும் இருந்தார்கள். தம்பியின் கைவேலைத் திறமை இப்போது உதவியது. விருந்தினர் உட்காரும் அறையில் தச்சர் வந்து குழாய்க்கும் தாங்கிக்கும் மரம் அறுத்தார். படுக்கையறையில் கடைசல் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. வீட்டை அழகாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட கரோலினுக்கு ஒவ்வோர் அறையும் பட்டறையாக மாறுவதைப் பார்த்து வருத்தம்தான்.

ஹெர்ஷலுக்கோ உடை மாற்றவும் நேரம் இல்லை. கச்சேரி முடிந்த கையோடு அதே பட்டுச் சட்டையில் கண்ணாடி தேய்க்க உட்கார்ந்துவிடுவார். சட்டைக் கையின் அழகான பின்னல் கிழிந்தும், உருகிய கீல் பட்டுக் கறுத்தும் போகும்.

மெருகேற்றும் வேலையில் பாதியில் நிறுத்தினால் பரப்பு கெட்டுவிடும் என்பது அவர் எண்ணம். ஒருமுறை தொடர்ந்து 16 மணி நேரம் கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல் தேய்த்தார். சாப்பாடு? கரோலின்தான் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு கவளமாக அண்ணன் வாயில் ஊட்டினார். அலுப்புத் தெரியாமல் இருக்க அரபுக் கதைகளையும் டான் குவிக்சாட் கதையையும் படித்துக் காட்டினார்.

1774ஆம் ஆண்டு மார்ச் மாதம், தன் கையால் செய்த தொலைநோக்கியை ஹெர்ஷல் வானத்துக்குத் திருப்பினார். சனியின் வளையம் தெரிந்தது. ஓரியன் கூட்டத்தில் இருக்கும் ஒளி மேகம் தெரிந்தது. அந்த மேகத்தைப் பார்த்து வரைந்தும் வைத்தார். அப்போது அவருக்கு 35 வயது.

தெருவில் கிடைத்த நண்பர்

இசை வேலையை அவர் விட்டுவிடவில்லை. பகலில் வகுப்பு, மாலையில் கச்சேரி, இரவில் வானம் என்று ஏழு ஆண்டுகளுக்கும் மேல் நாட்கள் ஓடின. ஒரு கண்ணாடி சரியாக வந்தால், அதைவிட நல்லதாக அடுத்ததைச் செய்வார்.

1779ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஓர் இரவு, வீட்டுக்கு முன்னால் தெருவிலேயே தொலைநோக்கியை நிறுத்தி, நிலாவின் மலைகளைப் பார்த்துக் கொண்டிருந்தார். தெருவில் போனவர்களுக்கு இது விசித்திரமாக இருந்திருக்கும். அந்த வழியாக வந்த ஒருவர் நின்றார். தானும் பார்க்கலாமா என்று கேட்டார். பார்த்தவர் அசந்து போனார்.

அவர் பெயர் வில்லியம் வாட்சன். அறிவியலில் ஆர்வமுள்ள மருத்துவர். மறுநாளே ஹெர்ஷலின் வீட்டுக்கு வந்து நன்றி சொன்னார். பாத் நகரில் புதிதாகத் தொடங்கிய அறிவியல் சங்கத்தில் ஹெர்ஷலைச் சேர்த்துவிட்டார். லண்டனில் இருந்த புகழ்பெற்ற ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கும் அவருடைய கட்டுரைகள் போகத் தொடங்கின. தன் ஆசையைப் பூட்டிய அறைக்குள் வைத்துக்கொள்ளாமல் தெருவுக்குக் கொண்டு வந்ததால் கிடைத்த நட்பு அது.

அந்த ஒரு இரவு

ஹெர்ஷலின் வழக்கம் ஒன்று உண்டு. வானத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்க்க மாட்டார். வயல் முழுவதும் வரிசையாக நாற்று நடுவதைப் போல, ஒரு நட்சத்திரத்தையும் விடாமல் வரிசையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டே போவார்.

1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி, இரவு 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், நியூ கிங் தெரு 19ஆம் எண் வீட்டுத் தோட்டத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். 7 அடி நீளத் தொலைநோக்கி. கண்ணாடியின் அகலம் 6 அங்குலத்துக்குச் சற்று மேல். மிதுன ராசியின் பக்கத்தில் ஒரு புள்ளி, மற்ற நட்சத்திரங்களைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

உடனே அதிகமாகப் பெரிதாக்கிக் காட்டும் வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். நட்சத்திரங்கள் மிக மிகத் தொலைவில் இருப்பவை. அதனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளியாகவே தெரியும். இதுவோ பெரிதாக்கப் பெரிதாக்கப் பெரிய வட்டமாக வளர்ந்தது. நான்கு நாள் கழித்து மறுபடியும் பார்த்தார். அது இடம் மாறியிருந்தது! அப்படியானால் அது நட்சத்திரம் அல்ல.

ஹெர்ஷல் அதை வால்நட்சத்திரம் என்றுதான் நினைத்தார். அப்படியே ராயல் சொசைட்டிக்கும் எழுதி அனுப்பினார். ஆனால் அதற்கு வாலும் இல்லை. புகைபோன்ற தலையும் இல்லை. பல நாட்டு அறிஞர்கள் அதன் பாதையைக் கணக்குப் போட்டார்கள். சூரியனை வட்டம் போன்ற பாதையில், சனியைவிட இரண்டு மடங்கு தொலைவில் அது சுற்றுவது தெரிந்தது. சந்தேகமே இல்லை, அது ஒரு புதிய கோள்! சூரியக் குடும்பத்தின் அகலம் ஒரே அடியில் இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதற்கு முன்பே பலர் அந்தப் புள்ளியைப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் அரசு வானியலாளராக இருந்த ஃபிளாம்ஸ்டீட் 1690ஆம் ஆண்டிலேயே பார்த்து, நட்சத்திரம் என்று பட்டியலில் எழுதி வைத்துவிட்டார். ஹெர்ஷலின் கண்ணாடி நன்றாக இருந்தது. அவருடைய பொறுமையும் அதற்கு ஈடாக இருந்தது. அதனால்தான் அந்தச் சிறு வித்தியாசம் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

வெடித்த தரை

கோளைக் கண்டுபிடித்தவுடன் எல்லாம் சுபம் என்று நினைக்கிறீர்களா? இல்லை.

அதே 1781ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இன்னும் பெரிதாக, 3 அடி அகலத்தில் ஒரு கண்ணாடி செய்ய ஹெர்ஷல் ஆசைப்பட்டார். வீட்டுக்குள்ளேயே உலை கட்டினார்கள். அச்சு செய்யக் குதிரைச் சாணம் கலந்த மண் வேண்டும். அதை உரலில் இட்டு இடித்து, சல்லடையில் சலிக்க வேண்டும். மூட்டை மூட்டையான அந்த வேலையைப் பெரும்பாலும் கரோலின் செய்தார்.

முதல் முறை ஊற்றியபோது அச்சு ஒழுகியது. கிடைத்த தட்டும் ஆறும்போது விரிசல் விட்டது. மறுபடியும் உருக்கினார்கள். இந்த முறை ஊற்றுவதற்கு முன்பே உலை பிளந்துவிட்டது! நெருப்புக் குழம்பாக உருகிய உலோகம் தரையில் ஓடியது. சூடு தாங்காமல் தரையில் பதித்திருந்த கற்கள் வெடித்துக் கூரை வரை பறந்தன. அண்ணனும் தம்பியும் வேலையாட்களும் கிடைத்த கதவு வழியாக வெளியே ஓடினார்கள். ஹெர்ஷல் வெப்பத்தாலும் களைப்பாலும் ஒரு செங்கல் குவியலின் மேல் விழுந்தார்.

உயிர் பிழைத்ததே பெரிது. பல மாத உழைப்பு ஒரே நாளில் போனது. அவ்வளவு பெரிய கண்ணாடி செய்யும் எண்ணத்தை அப்போதைக்குத் தள்ளி வைத்தார், கைவிடவில்லை.

இன்னொரு பக்கம், அறிஞர்கள் சிலர் அவரை நம்பவில்லை. தன் தொலைநோக்கி ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கும் என்று ஹெர்ஷல் எழுதியிருந்தார். பெரிய வானாய்வுக் கூடங்களிலேயே அப்படி ஒரு கருவி கிடையாது. ஒரு பாட்டு வாத்தியார் வீட்டில் அது எப்படி இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். ஹெர்ஷல் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. 1782ஆம் ஆண்டு தன் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போனார். கிரீன்விச் அரசு வானாய்வுக் கூடத்தின் கருவிகளோடு அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாத்தியக்காரரின் தொலைநோக்கியே சிறந்தது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்!

இதற்கிடையில் ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் அளித்து, உறுப்பினராகவும் சேர்த்துக் கொண்டது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் கௌரவிக்கும் விதமாகப் புதிய கோளுக்கு ஹெர்ஷல் மன்னரின் பெயரையே வைத்தார். மற்ற நாட்டவருக்கு அது பிடிக்கவில்லை. ஜெர்மனி நாட்டு வானியலாளர் போடே சொன்ன யுரேனஸ் என்ற பெயரே கடைசியில் நிலைத்தது.

குறைந்த சம்பளம், பெரிய வேலை

மன்னர் மகிழ்ந்து, ஹெர்ஷலுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை தர முன்வந்தார். அரண்மனை இருந்த விண்ட்சர் அருகே குடிவந்து, மன்னர் குடும்பத்துக்கு அவ்வப்போது வானத்தைக் காட்ட வேண்டும். மற்ற நேரமெல்லாம் வானம் பார்க்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இசையில் அவர் சம்பாதித்து வந்ததைவிட இது மிகவும் குறைவு! 25 ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த பெயர், மாணவர்கள், கச்சேரிகள் எல்லாவற்றையும் விட வேண்டும். அப்போது அவருக்கு வயது 43. ஹெர்ஷல் தயங்கவில்லை. தேவாலயத்தில் கடைசியாக ஒருமுறை வாசித்துவிட்டு, 1782ஆம் ஆண்டு பாத் நகரை விட்டுப் புறப்பட்டார். குறைந்த வருமானத்தை ஈடுகட்ட, தொலைநோக்கிகள் செய்து விற்றார்.

தங்கையின் துணிச்சல்

இந்தக் கதையில் இன்னொருவரின் துணிச்சலையும் சொல்ல வேண்டும். கரோலின் 1750ஆம் ஆண்டு பிறந்தவர். பத்து வயதில் வந்த டைபஸ் என்ற கொடிய காய்ச்சலால் அவருடைய வளர்ச்சி நின்றுவிட்டது. உயரம் நாலேகால் அடிதான். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, வீட்டு வேலை செய்தால் போதும் என்று அம்மா நினைத்தார். வில்லியம்தான் 1772ஆம் ஆண்டு அவரை இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். வீட்டு வேலைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ள அம்மாவுக்குப் பணமும் கொடுத்தார்.

அண்ணனிடம் பாட்டு கற்று கரோலின் நல்ல பாடகி ஆனார். மேடைகளில் முதன்மைப் பாடகியாகப் பாடினார். அண்ணன் இசையை விட்டதும் அவருடைய பாட்டும் நின்றது. வருத்தம் இருந்தது. ஆனாலும் 32 வயதில், அண்ணன் செய்து கொடுத்த சிறிய தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு அவரும் வானம் பார்க்கத் தொடங்கினார். தேவையான கணக்குகளை அண்ணனிடம் சாப்பாட்டு வேளையில் கேட்டுக் கேட்டுக் கற்றார்.

இரவில் அண்ணன் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லச் சொல்ல, தங்கை எழுதிக் கொள்வார். மசி உறைந்து போகும் அளவுக்குக் குளிர் அடிக்கும் இரவுகளிலும் இந்த வேலை நிற்காது. 1783ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவு, பனியில் ஓடும்போது கருவியிலிருந்த இரும்புக் கொக்கி ஒன்று கரோலினின் காலில் ஆழமாகக் குத்திவிட்டது. காயம் ஆறியதும் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார்.

1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி அவர் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். மொத்தம் எட்டு வால்நட்சத்திரங்கள்! 1787ஆம் ஆண்டு மன்னர் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார். அறிவியல் வேலைக்காக ஒரு பெண் சம்பளம் வாங்குவது அந்த நாட்களில் கேள்விப்படாத விஷயம். பிற்காலத்தில் அவருக்குத் தங்கப் பதக்கங்களும் கிடைத்தன. 97 வயது வரை வாழ்ந்து, 1848ஆம் ஆண்டு மறைந்தார்.

மன்னர் நடந்து போன குழாய்

முன்பு வெடித்துப் போன கனவை ஹெர்ஷல் மறக்கவில்லை. மன்னரின் பண உதவியோடு ஸ்லவ் என்ற ஊரில் மாபெரும் தொலைநோக்கியைக் கட்டத் தொடங்கினார். குழாயின் நீளம் 40 அடி. கண்ணாடியின் அகலம் 4 அடி. குழாய் தரையில் கிடந்தபோது, மன்னரும் அவரோடு வந்தவர்களும் அதன் உள்ளே நடந்தே போனார்களாம்! 1789ஆம் ஆண்டு அது முடிந்தது. அந்த ஆண்டிலேயே சனியின் இரண்டு நிலாக்களைக் கண்டுபிடித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, யுரேனஸின் இரண்டு நிலாக்களையும் கண்டிருந்தார்.

ஆனால் அந்தப் பெரிய கருவியைத் திருப்புவதும் பராமரிப்பதும் பெரும்பாடாக இருந்தது. அதனால் 20 அடித் தொலைநோக்கியிலேயே அதிகமாக வேலை செய்தார். அண்ணனும் தங்கையும் சேர்ந்து சுமார் 2500 ஒளி மேகங்களையும் நட்சத்திரக் கொத்துகளையும் பட்டியல் போட்டார்கள்.

61 வயதில் இன்னொரு பெரிய கண்டுபிடிப்பு. 1800ஆம் ஆண்டு, சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் வானவில் நிறங்களாகப் பிரித்தார். எந்த நிறத்தில் சூடு அதிகம் என்று வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்தைத் தாண்டி, ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியில்தான் சூடு மிக அதிகமாக ஏறியது! கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று அங்கே இருப்பது புரிந்தது. அகச்சிவப்புக் கதிர் என்று நாம் சொல்வது அதைத்தான். உங்கள் வீட்டு டி.வி. ரிமோட்டிலிருந்து பாயும் கதிரும் பெரும்பாலும் இதுதான்.

1816ஆம் ஆண்டு ஹெர்ஷலுக்கு சர் பட்டம் கிடைத்தது. 1822ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி, 83 வயதில் காலமானார். யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்றிவர 84 ஆண்டுகள் ஆகின்றன. அதைக் கண்டுபிடித்தவரின் வாழ்நாளும் கிட்டத்தட்ட அதே அளவு!

1986ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸை நெருங்கிப் படம் எடுத்தது. 2009ஆம் ஆண்டு ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அகச்சிவப்புக் கதிர்களால் வானத்தை ஆராயும் ஒரு தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பியது. அதற்கு ஹெர்ஷலின் பெயரையே வைத்தார்கள். 2013ஆம் ஆண்டு வரை அது வேலை செய்தது. அந்த மார்ச் மாத இரவில் ஹெர்ஷல் நின்ற வீடு, அருங்காட்சியகமாகிவிட்டது.

குழந்தைகளே! புதிதாக ஒன்றைக் கற்பது உங்களுக்கு எளிது. தப்பாகச் செய்தாலும் சின்னப் பிள்ளைதானே என்று விட்டுவிடுவார்கள். பெரியவர்களுக்குத்தான் அது கஷ்டம். நாலு பேர் சிரிப்பார்களே என்ற கூச்சம் அவர்களைத் தடுக்கும். உங்கள் அம்மாவுக்கு சைக்கிள் கற்றுக்கொள்ள ஆசை இருக்கலாம். அப்பாவுக்குப் புல்லாங்குழல் வாசிக்க ஆசை இருக்கலாம். தாத்தாவுக்குப் படம் வரைய ஆசை இருக்கலாம். அவர்கள் தடுமாறும்போது சிரிக்காதீர்கள். கரோலின் மாதிரி பக்கத்தில் நின்று உதவுங்கள். ஹெர்ஷலின் கையில் கண்ணாடி இருந்தது. அவர் வாயில் சோற்றை ஊட்ட ஒரு தங்கையும் இருந்தார். அதனால்தான் நமக்கு ஏழாவது கோள் கிடைத்தது!